சகலகலாவல்லி மாலை: பாட்டும் பொருளும்

புரட்டாதித் திங்கள் அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்குகின்றது. முதல் மூன்று இரவுகள் துர்க்கைக்கும், நடு மூன்று இரவுகள் இலக்குமிக்கும், கடை மூன்று இரவுகள் சரஸ்வதிக்கும் உரியன. யாழ்ப்பாணத்துச் சைவ இல்லங்களிலே கும்பம் வைத்து, விளக்கேற்றி, அவலும் கடலையும் படைத்து வழிபடுவர். கல்லூரிகளிலே வாணி விழா நடைபெறும். இவ்விடங்களிலெல்லாம் ஒரு நூல் ஒலியாமல் பூசை நிறைவுறுவதில்லை. அதுவே குமரகுருபர சுவாமிகள் அருளிய சகலகலாவல்லி மாலை. வேறு தோத்திரம் எதனையும் மனனஞ் செய்யாத பிள்ளையும் இந்த மாலையில் நாலைந்து பாட்டுகளையேனும் அறிந்திருக்கும்.

அறிந்திருக்கும் என்றோம். பாட அறிந்திருக்கும் என்பதே பொருத்தமாகும். பிள்ளைகள் பாடுவதைச் சற்று உற்றுக் கேளுங்கள். முதற் பாட்டு ஆறுதலாகத் தொடங்கும். மூன்றாம் பாட்டிலே வேகம் பிறக்கும். ஐந்தாம் பாட்டிலே கண்கள் கடலைத் தட்டத்தை நாடும். பத்தாம் பாட்டு எப்பொழுது முடிந்தது என்பது பாடியவர்க்கே தெரியாது. பெரியோரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. பிள்ளைகள் பாடினார்கள், பூசை முடிந்தது, பிரசாதம் கிடைத்தது என்ற அளவில் யாவரும் மனநிறைவோடு எழுந்து செல்வர்.

பொருள் அறியாது பாடும் பாட்டினால் பயன் உண்டோ? இவ்வினாவை நாம் ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. ஒரு மாணவனிடமிருந்து பெற்றோம். பெற்றபொழுது நாம் நடந்துகொண்ட முறை இன்றும் எம்மை உறுத்துகின்றது.

மாணவன் கேட்ட கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன்னர், வாணி விழாவுக்கு இரண்டு நாட்களே இருந்த ஒரு பிற்பகலில், எட்டாந் தரத்து மாணவர்களை மண்டபத்திலே நிரையாக நிறுத்திச் சகலகலாவல்லி மாலையைப் பயிற்றிக்கொண்டிருந்தோம். குரல் ஒத்துவரவில்லை. சிலர் முந்தினர், சிலர் பிந்தினர். எமக்குப் பொறுமை குறைந்துகொண்டு வந்தது. அவ்வேளையிலே பின்நிரையில் நின்ற ஒரு மாணவன் கையை உயர்த்தினான்.

“ஐயா, வெள்ளை உள்ளம் என்றால் களங்கமில்லாத உள்ளமா, ஒன்றும் தெரியாத உள்ளமா?”

முதற் பாட்டில் வரும் சொல்லைப் பற்றியே அவன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் நாம் கூறிய விடை இது: “முதலில் ஒழுங்காகப் பாடமாக்கு. பொருள் பிறகு பார்க்கலாம்.”

மாணவர்கள் சிரித்தனர். அவன் கையை இறக்கிக்கொண்டான். விழா நாளன்று எல்லாரிலும் உரத்த குரலில் பாடியவனும் அவனே.

நாம் அவ்வாறு கூறியதற்கு நேரம் போதாமையே காரணம் என்று அன்று எண்ணிக்கொண்டோம். அஃது உண்மையன்று. அவன் கேட்டதற்கு விடை எமக்குத் தெரிந்திருக்கவில்லை. தமிழ் கற்றுப் பட்டம் பெற்று, பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தும் வந்த நாம், சிறுபிராயந் தொட்டுப் பாடி வந்த ஒரு நூலின் முதற் பாட்டிலே நின்று சிந்தித்ததில்லை. “தெரியவில்லை, பார்த்துச் சொல்லுகிறோம்” என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லவும் துணிவில்லை.

வெள்ளை என்னும் சொல்

அன்றிரவு நூலை எடுத்துப் பார்த்தோம். முதற் பாட்டிலே குமரகுருபரர் கலைமகளிடம் ஒரு வழக்காடுகின்றார். வெண்டாமரையிலே திருவடி பதித்து இருப்பவள் அவள். அத்திருவடியைத் தாங்க வெண்ணிறமான தாமரை வேண்டுமென்றால், தமது வெள்ளை உள்ளமாகிய குளிர்ந்த தாமரை அதற்குத் தகாதோ என்று கேட்கின்றார்.

தமிழிலே வெண்மை என்பதற்குத் தூய்மை என்ற பொருளும் உண்டு. அறியாமை என்ற பொருளும் உண்டு. கள்ளங் கபடமற்றவனை வெள்ளை மனத்தான் என்கின்றோம். அறிவு முதிராதவனது அறிவை வெள்ளறிவு என்பர். புலவர் இரண்டையும் ஒரு சொல்லிலே வைத்துவிட்டார். ‘என் உள்ளம் ஒன்றும் அறியாதது; ஆயினும் அதிலே கறையில்லை; எழுதாத ஏடு போல இருக்கின்றது; வந்து அமர்ந்துகொள்’ என்பது போல அவ்வேண்டுகோள் அமைகின்றது. ஆகவே மாணவனது கேள்விக்கு ‘இரண்டும்’ என்பதே விடை. எத்துணை எளிய விடை!

திருவள்ளுவரும் வெண்மைக்குத் தாமே ஒரு விளக்கம் தருகின்றார். புல்லறிவாண்மை என்னும் அதிகாரத்திலே, தம்மைத் தாமே அறிவுடையார் என எண்ணிச் செருக்குதலே வெண்மை என்கின்றார். அதனை மீண்டும் படித்தபொழுது மண்டபத்தில் நின்ற எமது தோற்றமே எம் கண்முன் வந்தது. மாணவனது வெள்ளை குமரகுருபரர் பாடிய வெள்ளை. எமது வெள்ளையோ வள்ளுவர் கடிந்த வெள்ளை.

அடுத்த ஆண்டு நவராத்திரிக்கு முன்னரே அம்மாணவனின் குடும்பம் வெளிநாடு சென்றுவிட்டது. ‘பிறகு பார்க்கலாம்’ என்று நாம் சொன்ன அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை.

அம்மம்மாவின் மனனம்

இவ்வளவு கூறியமையால், மனனஞ் செய்தல் வீண் வேலை என்பது எமது கருத்தென்று வாசகர் கொள்ளலாகாது. மனனத்தின் அருமையை நாம் கற்றது கல்லூரியிலன்று, எமது அம்மம்மாவிடம்.

அவருக்குக் கையெழுத்து வைக்க மாத்திரமே தெரியும். நூலை எடுத்து வாசிக்க அறியார். ஆயினும் சகலகலாவல்லி மாலை முழுவதும், அபிராமி அந்தாதி நூறு பாட்டும் அவர் நாவிலே இருந்தன. தமது தாயார் பாடக் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கியவை அவை. மாலையில் விளக்கேற்றியதும் ஒன்றைச் சொல்லுவார். பறுவ நாளிலே அந்தாதியைச் சொல்லுவார். திருக்கடவூர் அபிராமியின் அருளால் அமாவாசை இரவிலே நிலவு தோன்றியது என்று வழங்கும் கதையையும் எமக்குச் சொன்னவர் அவரே.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவிலே இடம்பெயர்ந்தனர். நமது பகுதியில் அதனை அறியாதார் இலர். நாமும் செம்மணி வெளியைக் கடந்து, நாவற்குழிப் பாலத்தின் வழியே நெருக்குண்டு, மழையில் நனைந்து தென்மராட்சி சேர்ந்தோம். அப்பொழுது எமக்குப் பதினைந்து வயதும் நிரம்பவில்லை. அவ்வாண்டு நவராத்திரி முடிந்து ஒரு மாதமும் ஆகவில்லை. சரஸ்வதி பூசையன்று கும்பத்தின் முன்னே அடுக்கி வைத்த புத்தகங்கள் யாவும் தந்தையாரின் அலுமாரியிலே பூட்டப்பட்டிருந்தன. ஒன்றையும் எடுத்துவர இயலவில்லை.

ஒரு பாடசாலைக் கட்டடத்தில் பல குடும்பங்களோடு தங்கினோம். மண்ணெண்ணெய் அருமையான காலம். பொழுது பட்டதும் இருள். அவ்விருளிலே அம்மம்மா வழமை தவறாமல் பாடத் தொடங்கினார். சகலகலாவல்லி மாலை முடிந்தது. பின்னர் அந்தாதி. ஒரு பாட்டின் ஈற்றுச் சொல்லே அடுத்த பாட்டின் முதற் சொல்லாக வருவதால், ஒன்றைப் பாடி முடித்ததும் அடுத்தது தானே கை நீட்டி அழைக்கும். நூறாவது பாட்டு முடியும் சொல்லில் முதற் பாட்டு மீண்டும் தொடங்கும். விளக்கும் ஏடும் இன்றி நூறு பாட்டையும் ஒழுங்கு தவறாது சொல்லுதற்கு அவ்வமைப்பு எவ்வளவு துணை செய்யும் என்பதை அன்றுதான் கண்டோம். இரண்டொரு நாளிலே பக்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகளும் வந்து அமர்ந்துகொண்டனர்.

ஓர் இரவு அவரிடம் கேட்டோம்: “அம்மம்மா, இதின்ரை பொருள் உங்களுக்குத் தெரியுமோ?” பள்ளிக்கூடத்திலே படிக்கின்றோம் என்ற இறுமாப்பும் அக்கேள்வியில் இருந்தது. அவர் அதனைப் பாராட்டவில்லை.

“முழுக்கத் தெரியாது ராசா. தெரிஞ்ச இடத்திலை கொஞ்சம் நிண்டு போவன். ஒவ்வொரு வருசமும் நிக்கிற இடம் ஒண்டு ரெண்டு கூடும்.”

1996 ஆம் ஆண்டிலே நாம் வீடு திரும்பியபொழுது அலுமாரி திறந்து கிடந்தது. எஞ்சிய புத்தகங்களைக் கறையான் தின்றிருந்தது. அம்மம்மாவின் நாவில் இருந்தவை மாத்திரமே எமது வீட்டு நூல்களில் குறைவின்றித் திரும்பி வந்தவை.

பிற்காலத்திலே யாப்பிலக்கணம் கற்றபொழுது வேறொன்றையும் அறிந்தோம். சகலகலாவல்லி மாலையும் அபிராமி அந்தாதியும் கட்டளைக் கலித்துறையால் ஆனவை. அவ்யாப்பிலே ஓரடிக்கு ஐந்து சீர். அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கிப் 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்தும் இருத்தல் வேண்டும். ஓர் எழுத்துக் குறைந்தாலும் கூடினாலும் கட்டளை கெடும். அம்மம்மா பாடுவதை எழுதி எண்ணிப் பார்த்தோம். அவர் ஓர் எழுத்தையும் தவறவிடவில்லை. நேரும் நிரையும் அறியாத அவருக்கு அந்த அளவைக் காத்துக் கொடுத்தது ஓசை.

குமரகுருபரர் வேண்டியது

இந்நூலைப் பாடியவர் யார் என்பதையும் பிள்ளைகள் அறிதல் வேண்டும். குமரகுருபரர் பதினேழாம் நூற்றாண்டினர்; திருநெல்வேலிச் சீமையில் உள்ள ஸ்ரீவைகுண்டத்திலே பிறந்தவர். ஐந்து வயது வரையும் அவர் பேசவில்லை என்றும், பெற்றோர் திருச்செந்தூர்ச் சந்நிதியிலே கொண்டுபோய்க் கிடத்தி வேண்ட, முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பாப் பாடினார் என்றும் அவர் வரலாறு கூறும். தருமபுர ஆதீனத்து மாசிலாமணி தேசிகரைக் குருவாகக் கொண்டார். பின்னர் காசிக்குச் சென்றார். அங்கே மடம் நிறுவுதற்கு முகலாய ஆட்சியாளரிடம் பேச வேண்டியிருந்தது. அவருடைய மொழி இவருக்குத் தெரியாது. அம்மொழியறிவை வேண்டிக் கலைமகளைத் துதித்துப் பாடியதே இந்த மாலை என்பது வழங்கி வரும் வரலாறு. காசிக் கேதார கட்டத்திலே அவர் மடம் நிறுவினார்.

பேசாதிருந்த பிள்ளையே பின்னாளில் பேச்சுக்குரிய தெய்வத்திடம் இன்னொரு மொழியைக் கேட்டு நின்றார் என்பதை எண்ணிப் பார்க்கும்பொழுது, பத்துப் பாட்டுகளுக்கும் புதிய உயிர் வருகின்றது. சோதனைக்கு முதல் நாள் கும்பத்தின் முன்னே நின்று, ‘அம்மா, நாளைக்கு எனக்கு விடை வர வேண்டும்’ என்று கும்பிடும் மாணவனுக்கு இவர் தூரத்தவர் அல்லர்.

ஏழாம் பாட்டையும் எட்டாம் பாட்டையும் சிறப்பாகக் கூறல் வேண்டும். ஏழாம் பாட்டிலே புலவர் கேட்பவை மூன்று: பாட்டு, அதன் பொருள், அப்பொருளினால் விளையும் பயன். வரிசையை நோக்குங்கள். பாட்டு முதலில் வருகின்றது. ஆகவே மனனம் பழுதன்று. பயன் இறுதியில் வருகின்றது. அதுவும் பொருளின் வழியாகவே வருகின்றது. நடுவில் உள்ள பொருளை விட்டுவிட்டுப் பாட்டிலிருந்து நேரே பயனுக்குத் தாவ முடியாது. மணிவாசகரும் சிவபுராணத்தின் முடிவிலே, பாட்டின் பொருளை உணர்ந்து சொல்லுவோரையே சிறப்பித்துப் பேசுகின்றார்.

எட்டாம் பாட்டிலே சொல்வன்மையையும் அவதானத்தையும் கேட்கும் புலவர், அவற்றோடு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துச் சொல்லும் நல்ல வித்தையையும் கேட்கின்றார். இஃது ஆசிரியனுக்குரிய வேண்டுகோள்! இதனைப் பல நூறு தடவை பாடியிருக்கின்றோம். பாடிவிட்டு மண்டபத்திலே நின்று, கேட்ட பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல மறுத்திருக்கின்றோம். அதே பாட்டிலே, கல்வி என்பது திருமகளாலும் தருதற்கு அரியது, ஒரு காலத்திலும் அழியாதது என்ற கருத்தும் வருகின்றது. அலுமாரியின் முன்னே நின்ற அந்த நாளை நினைக்காமல் இப்பொழுது அப்பாட்டை எம்மால் கடந்து செல்ல இயலுவதில்லை. அம்மம்மா சொன்ன ‘நிக்கிற இடம்’ எமக்கும் ஒன்று கிடைத்துவிட்டது.

பத்து நாளும் பத்துப் பாட்டும்

இனி, நடைமுறைக்கு வருவோம். நவராத்திரி இரவுகள் ஒன்பது. விசயதசமியோடு பத்து நாட்கள். மாலையிலோ பாட்டுகள் பத்து. நாளுக்கு ஒரு பாட்டாகப் பொருளறிந்து படித்தால், ஏடு தொடக்கும் நாளன்று நூல் முழுவதும் பொருளோடு கைவந்துவிடும். ஒவ்வொரு நாளும் வழமை போலப் பத்துப் பாட்டையும் பாடுங்கள். ஆனால் அன்றைய பாட்டு வந்ததும் ஐந்து நிமிடம் நின்று, வீட்டில் அறிந்தவர் ஒருவர் பொருளை எளிதாகச் சொல்லட்டும்.

முதல் நாளுக்கு வெள்ளை உள்ளம் இருக்கின்றது. இரண்டாம் நாள் சொற்சுவை, பொருட்சுவை என்பன பற்றியும், ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்னும் நால்வகைக் கவிகள் பற்றியும் பேசலாம். மூன்றாம் பாட்டைச் சிறு பிள்ளைகள் மிக விரும்புவர். புலவர்கள் கவிமழை பொழிய, அதனைக் கண்டு களிக்கும் மயிலாகக் கலைமகள் அங்கே வருகின்றாள். நாலாம் பாட்டு வடநூற் கடலையும் தமிழ்ச் செல்வத்தையும் அடியார் நாவிலே நின்று காப்பவள் அவள் என்கின்றது. நாவிலே காக்கப்படுதல் என்றால் என்ன என்பதற்கு நமது மண்ணிலே எத்தனையோ பாட்டிமார் சான்று. ஐந்தாம் பாட்டில் அவளது பாதமலர் நெஞ்சக் குளத்திலே ஏன் இன்னும் மலரவில்லை என்ற ஏக்கமும், ஆறாம் பாட்டில் இசை, நடனம், கல்வி ஆகியவை எளிதில் எய்த வேண்டும் என்ற விருப்பமும் உள்ளன. ஏழும் எட்டும் மேலே சொன்னோம். ஒன்பதாம் பாட்டு சொல்லுக்கும் பொருளுக்கும் உயிராக விளங்கும் மெய்ஞ்ஞானத்தைப் பேசுகின்றது. பத்தாம் பாட்டில் அரசரும் தம் பாட்டைக் கேட்டுப் பணிய வேண்டும் என்கின்றார் புலவர். ஆட்சியாளரின் சபைக்குச் செல்ல இருந்தவர் இதனைக் கேட்டதில் வியப்பில்லை.

பாடும்போது சொற்களைப் பிரித்தறிதலும் வேண்டும். வெண்மையும் தாமரையும் சேர்ந்து வெண்டாமரையாகும் என்று ஒரு முறை காட்டிவிட்டால், பிள்ளை பிறகு தானே பிற சொற்களைப் பிரித்துப் பார்க்க முயலும். இசைக்காகச் சொல்லைக் கண்ட இடத்திலே முறிக்கும் வழக்கமும் குறையும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் அஞ்ச வேண்டாம். ‘தெரியாது, இருவரும் சேர்ந்து பார்ப்போம்’ என்று கூறுங்கள். கும்பத்தின் முன்னே அதனைவிட நல்ல வழிபாடு இல்லை. எம்மைப் போல ‘பிறகு’ என்று கூறிவிடாதீர்கள்.

மாணவர்களுக்கும் ஒன்று. பொருள் முழுவதும் விளங்கிய பின்னர்தான் பாடுவோம் என்று இராதீர்கள். இளமையில் நாவிலே ஏறியது முதுமை வரையும் நிற்கும். இன்று விளங்காத அடி, இருபது ஆண்டு கழித்து ஏதோ ஒரு பேருந்துப் பயணத்திலே, ஏதோ ஒரு துயர நாளிலே விளங்கும். அப்பொழுது அது நாவிலே இருந்தாலன்றோ விளங்கும்?

அன்று கேட்ட மாணவன் இன்று எந்நாட்டில் இருந்தாலும், நவராத்திரியில் இம்மாலையைப் பாடுவான் என்றே நம்புகின்றோம். இக்கட்டுரை அவன் கண்ணிற் பட்டால், இதனையே அவனுக்கு நாம் தர வேண்டியிருந்த விடையாகக் கொள்வானாக. வெள்ளை உள்ளம் என்பது களங்கமில்லாத உள்ளமும் ஆம், ஒன்றும் தெரியாத உள்ளமும் ஆம். கலைமகள் அங்கேதான் எழுந்தருளுவாள்.